வாட்டர்லூ ரோடு (தொலைக்காட்சித் தொடர்)

வாட்டர்லூ ரோடு, பிபிசி ஒன் அலைவரிசையில் 2006 மார்ச் 9 அன்று தொடங்கிய பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகத் தொடர். மூடப்படும் நிலையிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் பற்றியது. ஆன் மெக்மானஸ், மவுரீன் சாட்விக் ஆகியோர் உருவாக்கிய இத்தொடரை ஷெட் நிறுவனம் தயாரித்தது. முதல் ஓட்டத்தில் பத்துப் பருவங்களாக 200 அத்தியாயங்கள் ஒளிபரப்பாகி, 2015 மார்ச் 9 அன்று நிறைவுற்றது. 2023 சனவரியில் மீண்டும் தொடங்கியது.

பின்னணி

இங்கிலாந்தில் ஒரு பள்ளி "தோற்றுப்போனது" என்று அரசே அறிவிக்கும் நடைமுறை 1990களில் வந்தது. ஆஃப்ஸ்டெட் எனப்படும் பள்ளி ஆய்வு அமைப்பு 1992இல் நிறுவப்பட்டது. உயர்நிலைப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பட்டியலிட்டு வெளியிடுவதும் அவ்வாண்டே தொடங்கியது. அடுத்த ஆண்டுச் சட்டம், ஆய்வில் மிக மோசமாகத் தேறிய பள்ளிகளைச் சிறப்பு நடவடிக்கையின்கீழ் கொண்டுவர வழிசெய்தது. அதன்பின் பள்ளி திருந்த வேண்டும், இல்லையேல் மூடப்படலாம். பெற்றோர் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினர். மாணவர் எண்ணிக்கை குறைந்தால் நிதியும் குறைந்தது. சரிந்த பள்ளி மேலும் சரிவதற்கு இதுவே போதுமானதாக இருந்தது.

இந்த அச்சத்தை வாட்டர்லூ ரோடுக்கு முன்னரே பிபிசி நாடகமாக்கியது. 1999இல் வந்த ஹோப் அண்ட் குளோரி தொடரில், நொடிந்த பள்ளி ஒன்றை ஏற்கும் தலைமையாசிரியராக லென்னி ஹென்றி நடித்தார். அதற்கும் முந்தைய கிரேஞ்ச் ஹில் (1978–2008) சிறுவர் தொடர். அது பள்ளியை மாணவரின் கண்வழியாகப் பார்த்தது. வாட்டர்லூ ரோடு வகுப்பறைக்குச் சமமான இடத்தை ஆசிரியர் ஓய்வறைக்கும் கொடுத்தது.

கதை

கதைக்களம் மான்செஸ்டரை அடுத்த ராச்டேல். முந்தைய தலைமையாசிரியர் மனமுறிவுக்கு உள்ளாக, ஜாக் ரிம்மர் (ஜேசன் மெரல்ஸ்) பொறுப்பேற்கிறார். பின்னர் ரேச்சல் மேசன் (ஈவா போப்), கேரன் ஃபிஷர் (அமாண்டா பர்ட்டன்), மைக்கேல் பைர்ன் (அலெக் நியூமன்) என ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். தலைமையை மாற்றினால் பள்ளி மாறிவிடும் என்பது அக்காலக் கல்விக் கொள்கையின் நம்பிக்கை. தொடரும் அதே நம்பிக்கையில்தான் நகர்கிறது. ஆனால் ஒவ்வொரு தலைமையாசிரியரும் அதே சிக்கல்களுக்குள் திரும்ப விழுவதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது.

தொடரின் மிகச் சிறந்த பாத்திரப் படைப்பு கிராண்ட்லி பட்ஜன் (பிலிப் மார்ட்டின் பிரவுன்) என்ற ஆங்கில ஆசிரியர். ஓய்வை எதிர்நோக்கியிருப்பவர், பாடத்தைவிடக் குதிரைப் பந்தயத்தில் அதிக அக்கறை உள்ளவர். எந்த ஆய்வாளரும் முதலில் வீட்டுக்கு அனுப்பப் பரிந்துரைக்கும் மனிதர் இவர். ஆனால் மறதிநோய் கண்ட மனைவியை இவர் பராமரிப்பதைக் காட்டும் பகுதிகளுக்குப் பின், பார்வையாளரால் அந்தப் பரிந்துரையை எளிதில் ஏற்க முடியாது. மாணவி சானீஸ் பிரையன்ட் (செல்சி ஹீலி) பின்னாளில் அதே பள்ளியின் செயலராகத் திரும்பினார். தேர்வுப் பட்டியலில் இதற்கெல்லாம் இடமில்லை.

மிகைநாடகம் என்ற குறை தொடரின்மீது உண்டு, அது நியாயமானதே. தீ விபத்து, கத்திக்குத்து, மாணவர்கள் சென்ற சிற்றுந்தின்மீது லாரி மோதுவது என ஒரே பள்ளியில் இத்தனை நடப்பதை நம்புவது கடினம். நிதிக்குறைப்பு போன்ற அமைதியான சேதங்களை இந்தக் கூச்சல் பலமுறை அமுக்கிவிட்டது.

ஸ்காட்லாந்துக்கு மாற்றம்

லண்டனுக்கு வெளியே தயாரிப்புகளைப் பரவலாக்கும் பிபிசியின் கொள்கைப்படி 2012இல் தொடர் ஸ்காட்லாந்தின் கிரீனாக் நகருக்கு இடம்பெயர்ந்தது. ராச்டேல் பள்ளி மூடப்பட, முன்னாள் மாணவியான செல்வந்தர் ஒருவரின் பணத்தில் ஆசிரியர்களும் சில மாணவர்களும் அங்கே புதிய பள்ளி தொடங்குவதாகக் கதை அமைந்தது. ஆஃப்ஸ்டெட்டின் அதிகாரம் இங்கிலாந்தோடு முடிகிறது. ஸ்காட்லாந்தின் கல்விமுறை தனியானது. ஆகவே பள்ளியின் விதி ஆய்வறிக்கையிலிருந்து தனியொருவரின் பணப்பைக்குக் கைமாறியது. வடக்கு இங்கிலாந்தின் பேச்சும் வறுமையும் தந்திருந்த உறுதியான பிடி இதில் தளர்ந்தது.

படப்பிடிப்புக் கட்டடங்கள்

பள்ளியைக் காப்பாற்றப் போராடும் இக்கதை, வகுப்புகள் நின்றுபோன உண்மையான பள்ளிகளில் படமாக்கப்பட்டது. ராச்டேல் பருவங்களுக்கு கிர்க்ஹோல்ட் பகுதியின் முன்னாள் ஹில்டாப் தொடக்கப்பள்ளி பயன்பட்டது. கிரீனாக்கில், 1855இல் நிறுவப்பட்டு 2011இல் மற்றொரு பள்ளியுடன் இணைக்கப்பட்ட கிரீனாக் அகாதமியின் காலிக் கட்டடம் கிடைத்தது. படப்பிடிப்பு முடிந்தபின் அது இடிக்கப்பட்டது.

மறுவருகை

2023இல் தொடர் மான்செஸ்டர் வட்டாரத்துக்கே திரும்பியது. சால்ஃபோர்டை அடுத்த ஸ்விண்டனில் ஒரு பள்ளி காலிசெய்துபோன கட்டடத்தில் படப்பிடிப்பு நடந்தது. முதல் பருவத்தில் மாணவர் நலன் பார்த்த ஆசிரியை கிம் கேம்ப்பெல் (ஆஞ்செலா கிரிஃபின்) அப்போது தலைமையாசிரியராக இருந்தார். முன்பு அவரிடம் படித்த டான்டே சார்ல்ஸ் (ஆடம் தாமஸ்) பெற்றோராகத் திரும்பினார். அவருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படித்தனர்.