எகிப்துக்குப் போன குடும்பமும் கோணான்குப்பமும்

கம்மாபுரத்திலிருந்து கோணான்குப்பம் செல்வோர் விருத்தாசலத்தில் பேருந்து மாறவேண்டும். விருத்தகிரீசுவரர் கோயிலில் அம்மன் பெயர் பெரியநாயகி. ஊர் தாண்டி, முகாசாபரூரை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவின் பெயரும் பெரியநாயகி. பெரியநாயகி கோயிலுக்கு வழி கேட்பவருக்கு எங்கள் வட்டாரத்தில் இரண்டு விடை உண்டு. கோணான்குப்பத்து ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர். தமிழ்ப் பெண்ணின் உடையில் மாதாவை வரையச் செய்து, அப்படத்தை மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்து வரவழைத்தார் என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர்.

சனவரித் தேர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போவது எங்கள் வீட்டில் தாத்தா காலத்து வழக்கம். அன்று கூண்டு வண்டி, இன்று பேருந்து. வழியில் யாரேனும் ஒருவர் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்லவேண்டும் என்ற முறை மட்டும் மாறவில்லை. ஒருமுறை எங்கள் பங்கு வந்தபோது, போகும் ஊரை முன்னிட்டுத் தேம்பாவணியில் வரும் எகிப்துப் பயணத்தை எடுத்துக்கொண்டோம்.

மத்தேயு நற்செய்தியில் இப்பயணம் சில வரிகளில் முடிந்துவிடும். ஏரோது குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் என்று தேவதூதன் கனவில் எச்சரிக்கிறான். சூசையப்பர் எழுந்து இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். வழியில் என்ன உண்டார்கள், எங்கே தங்கினார்கள் என்ற செய்தி இல்லை. நற்செய்தி நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் கிடையாது. அந்த வாய் திறவாத மனிதரை 'வளன்' என்று பெயரிட்டுத் தலைவனாக்கி, 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு என்று ஒரு பெருங்காப்பியம் செய்தார் வீரமாமுனிவர். நூல் முடிந்த ஆண்டு 1726 என்பர். இரண்டாம் காண்டத்தின் பெரும்பகுதியை எகிப்துக்குப் போகும் வழியே எடுத்துக்கொள்கிறது.

படலப் பெயர்களைப் பார்த்தாலே அவர் செய்தது புலப்படும். பைதிரம் நீங்கு படலத்தில் குடும்பம் நாட்டைவிட்டுக் கிளம்புகிறது. பிறகு காசை நகரும், பாலையும், சீனயி மாமலையும் வருகின்றன. இவற்றின் இடையிடையே சோசுவன் வெற்றி, சேதையோன் வெற்றி என்று பழைய ஏற்பாட்டுக் கதைகள் நுழைகின்றன. நடக்கும் வழியே வேதபாடம் ஆகிறது. வரைபடம் விரித்துப் பார்ப்பவருக்குச் சீனாய் மலை இடிக்கும். கடலோர வழியாக எகிப்து செல்வோர் அவ்வளவு தெற்கே இறங்கவேண்டியதில்லை. எகிப்திலிருந்து தப்பி வந்த முன்னோரின் மலையை, எகிப்துக்கே தப்பிச் செல்லும் பிள்ளை காணவேண்டும் என்பது கவிஞரின் தேவை. அதை நாங்கள் குறையாக எண்ணவில்லை.

பாலைபுகு படலம் என்ற பெயர் இன்னும் கூர்மையானது. தமிழ் வாசகருக்குப் பாலை பிரிவின் நிலம். அதைச் சேர்ந்து கடப்போர் உடன்போக்கில் செல்லும் காதலர். தொன்னூல் விளக்கம் எழுதிய ஆசிரியர் இதை அறியாதவர் அல்லர். அந்நிலத்தில் அவர் கைக்குழந்தையோடு ஒரு குடும்பத்தை நடக்கவிடுகிறார். சித்திரக்கூடப் படலம் என்று ஒன்றும் உண்டு. அப்பெயரைக் கேட்ட காதில் காடேகிய இன்னொரு குடும்பத்தின் காலடியும் கேட்கத்தான் செய்யும்.

இத்தனையும் பாடியவர் குடும்பம் இல்லாத துறவி. இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவுக்கும் அடுத்த ஆண்டு தமிழகத்துக்கும் வந்து, 1747-இல் இறக்கும்வரை ஐரோப்பாவுக்குத் திரும்பாதவர். பிறந்த வீட்டைவிட்டு ஒருவழியாய்ப் போன ஒருவர், தந்தை, தாய், பிள்ளை என மூவர் சேர்ந்து போகும் பயணத்தை இவ்வளவு விரித்துப் பாடியது ஏன் என்று வகுப்பில் பலமுறை பேசியிருக்கிறோம். அந்த ஏக்கத்தை ஒரு பாட்டிலும் அவர் நேராகச் சொல்வதில்லை.

பேருந்தில் கதை பாலைவரை வந்தபோது எங்கள் இளைய மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, சம்மனசு இவங்களை மட்டும்தான் எழுப்புச்சா? பக்கத்து வீட்டு அப்பாவுக்கெல்லாம் ஏன் கனவு வரல?"

பெத்லகேமில் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண்குழந்தைகளை ஏரோது கொன்றதை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறாள். வழிநெடுகப் பாடம் சொல்லிவந்தவர்கள் அவ்விடத்தில் வாயடைத்துப்போனோம். என் மனைவி, "சாமிகிட்டயே கேளு" என்று அவள் தலையை வருடினாள். அதைத் தட்டிக்கழித்த பதில் என்று அப்போது நினைத்தோம். இப்போது அப்படித் தோன்றவில்லை.

வீரமாமுனிவர் இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போனவர் அல்லர். தப்பிய குடும்பத்தோடு காப்பியத்தை நகர்த்திச் சென்றிருக்கலாம். அவரோ குழவிகள் வதைப் படலம் என்று தனியே ஒரு படலம் வைத்தார். பாதுகாப்பாக எகிப்து சேர்ந்த குடும்பத்தின் கதைக்குள், வராமற்போன பிள்ளைகளுக்கும் இடம் விட்டிருக்கிறார்.

கோணான்குப்பத்தில் இறங்கியதும் மகள் சுரூபத்தின் முன்னே நெடுநேரம் நின்றாள். கேட்டாளா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. திரும்பும்போது விருத்தாசலம் வருமுன்பே மடியில் தூங்கிப்போனாள். அந்தப் படலத்தை அவளுக்கு இன்னும் படித்துக்காட்டவில்லை.