70 புளியங்கொட்டையும் பேசாத பாட்டியும்

ஒரு நேயர் கேட்டிருந்தார்: "என் பொண்ணுக்கு 4 வயசு. பிராப்ளம் சால்விங் வளர எந்த ஆப் நல்லது?" ஆப் பேர் எதுவும் சொல்லப் போறதில்லை. அதுக்குப் பதிலா கொஞ்சம் வரலாறு சொல்றேன். குழந்தை இல்லாதவங்களும் இருங்க, உங்க பாட்டியும் இதுல வர்றாங்க.

1907 ஜனவரி 6. ரோம் நகரத்தில் சான் லொரென்சோ என்ற பகுதி. தொழிலாளர்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடங்கள். அம்மா அப்பா வேலைக்குப் போனதும் பள்ளி வயசு வராத பிள்ளைங்க படிக்கட்டையும் சுவரையும் பாழாக்கிட்டு இருந்தாங்க. கட்டடத்தை நிர்வகிச்சவங்க ஒரு அறையை ஒதுக்கி, மரியா மாண்டிசோரி என்ற மருத்துவரிடம் ஒப்படைச்சாங்க. அந்த இடத்துக்குப் பேர் 'குழந்தைகள் இல்லம்'. இன்னைக்கு நம்ம ஊர்ல பெரிய ஃபீஸ் கேட்கிற போர்டுகளில் பார்க்கிற மாண்டிசோரி, ஒரு தொழிலாளர் குடியிருப்பில்தான் ஆரம்பிச்சது.

அந்த முறையில் ஒரு பொருள் உண்டு. ஒரு நீள மரக்கட்டையில் 10 குழி. ஒவ்வொன்றிலும் வேற வேற அளவில் ஒரு உருளை. எல்லாத்தையும் எடுத்துட்டு, திரும்பப் பொருத்தணும். குழந்தை ஒரு உருளையைப் பெரிய குழியில் போட்டா உடனே ஒண்ணும் ஆகாது. ஆனா கடைசியில் ஒரு உருளை மிஞ்சும், எந்தக் குழியிலும் இறங்காது. "தப்பு"ன்னு டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிடும். அப்புறம் எங்கே மாறிப்போச்சுன்னு குழந்தையே பின்னோக்கித் தேடும். நான் ஆபீஸில் சம்பளம் வாங்கிட்டுச் செய்ற டீபக்கிங்கும் இதேதான்.

மாண்டிசோரி இதை 'விளையாட்டு'ன்னு சொல்லலை, 'வேலை'ன்னு சொன்னாங்க. குழந்தை செய்றதை அவ்வளவு மதிச்சாங்க.

இனி நம்ம ஊர். 1939இல், 69 வயசில், பிரம்மஞான சபையின் அழைப்பில் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்தாங்க. மகன் மரியோவும் கூட வந்தார். அவங்க இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பார். முதல் பயிற்சிக்கு சுமார் 300 பேர் சேர்ந்தாங்க. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இவங்க 'எதிரி நாட்டவர்' ஆயிட்டாங்க. மரியோவைச் சிறை முகாமுக்குக் கொண்டுபோனாங்க. ஆகஸ்ட் 31, மாண்டிசோரியின் 70ஆவது பிறந்தநாளை ஒட்டித்தான் விடுவிச்சாங்க. பிறகு சில வருஷம் கொடைக்கானல். அங்கே பல வயசுக் குழந்தைகளும் ஒண்ணா இருந்தாங்க. போர் முடிஞ்சு 1946இல்தான் ஐரோப்பா திரும்பினாங்க.

சரி, தப்பைத் தானே காட்டுற பொருள் அதுக்கு முன்னாடி நம்ம வீட்டில் இல்லையா? இருந்துச்சு. அதுக்குப் பேர் பல்லாங்குழி.

எங்க வீட்டு விதி இது: 14 குழி, ஆளுக்கு 7. குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. உங்க பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழியில் ஒவ்வொண்ணா போட்டுட்டே போகணும். கை காலியானா அடுத்த குழியை அள்ளணும். அந்த அடுத்த குழி வெறுமையா இருந்தா, அதைத் துடைச்சுட்டு அதுக்கு அடுத்ததில் இருக்கிறது உங்களுக்கு. அதோட உங்க முறை முடிஞ்சது. நடுவில் ஒரு குழியில் 4 சேர்ந்தா அது 'பசு', அந்தப் பக்கத்துக்காரருக்கு.

இப்ப ஒரு வேடிக்கை. முதல் முறையில் எந்தக் குழியிலிருந்து ஆரம்பிச்சாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 7 கொட்டைதான். நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 5 குழியை அள்ளின பிறகு வெறுங்குழி வரும், அதுக்கு அடுத்ததில் 7 இருக்கும். 14 குழியும் ஒரே மாதிரி வட்டமா நிற்கிறதால எங்கே தொடங்கினாலும் கணக்கு மாறாது. எதிராளியின் முதல் அள்ளலிலிருந்துதான் நிஜ ஆட்டம். "எனக்கு அந்தக் குழிதான் ராசி"ன்னு அடம்பிடிக்கிற குழந்தை, பத்து ஆட்டத்தில் இதைத் தானே கண்டுபிடிக்கும். வட்டம், சமச்சீர், முன்கூட்டி எண்ணுவது எல்லாமே அதுக்குள்ள இருக்கு.

எங்க பாட்டி மூணாவது வரைக்கும்தான் படிச்சவங்க. குழியைத் தொடாம, கண்ணாலேயே ஓட்டிப் பார்த்து எது லாபம்னு எடுப்பாங்க. நான் யோசிச்சுட்டு இருந்தா வெத்தலை மடிக்க ஆரம்பிப்பாங்களே தவிர, வாயைத் திறக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்குக் கணக்கு வரும்னு எங்க வீட்டில் யாரும் ஒரு தடவைகூட சொன்னதில்லை. அது 'பொம்பளைங்க பொழுதுபோக்கு'. கணக்கு டியூஷனில் இருந்துச்சு. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்பில். பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956 நவம்பர் 14, நேருவின் பிறந்தநாள். 1957 மே 20 அன்று அவரே வந்து சுரங்கம் தோண்டுறதைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். நாலு வருஷம் வெறும் மண். அதுவும் சாதாரண மண்வேலை இல்லை. கரிக்கு அடியில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்குது. சுத்திலும் கிணறு போட்டு இறைச்சுக்கிட்டே இருக்கலைன்னா, சுரங்கத்தின் தரையைப் பொத்துக்கிட்டு மேல வந்துடும். பம்பு இன்னைக்கும் ஓடிட்டுத்தான் இருக்கு. இவ்வளவு பொறுமையில் எழுந்த ஊரில், குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு குழந்தை ஷூ லேஸ் கட்டத் தடுமாறினா, நாலு நொடிக்குள்ள நாலு பெரியவங்க குனிவோம். நெய்வேலி மட்டும் இல்லை, உங்க அப்பார்ட்மெண்டும் அப்படித்தான்.

அதனால அந்த நேயருக்கு என் பதில்: கடையில் எதுவும் வாங்க வேண்டாம். முட்டை அட்டையில் 14 குழி வெட்டுங்க. பொண்ணு சின்னவள், அதனால குழிக்கு 2 கொட்டையில் ஆரம்பிக்கலாம். வாயில் போடுற வயசுன்னா கொட்டை வேண்டாம், பெரிய மூடிகள் போதும், பக்கத்திலேயே இருங்க. பெரியவளானதும் 3 புலி, 15 ஆடு வெச்சு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக்கொடுங்க. ஒத்தை ஆடு புலியை ஒண்ணும் பண்ண முடியாது, சேர்ந்து நின்னாதான் புலி அடைபடும்.

அவள் தப்பான குழியை அள்ளும்போது உங்க நாக்கு துடிக்கும். அப்ப ஒரு 10 நொடி சும்மா இருங்க. வெத்தலை பழக்கம் இல்லைன்னா காபி குடிங்க.

உங்க வீட்டுப் பல்லாங்குழி விதி வேற மாதிரி இருந்தா எழுதி அனுப்புங்க. பாட்டி இருந்தா, இன்னைக்கே போன் பண்ணிக் கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.