நீரிழிவு விழித்திரை நோய்த் தொலைப் பரிசோதனை (பாரிஸ்)

நீரிழிவு நோயாளியின் விழித்திரையை ஒளிப்படம் எடுத்து, வேறோர் இடத்தில் இருக்கும் கண் மருத்துவருக்கு அனுப்பி, சிகிச்சை தேவைப்படுவோரை முன்கூட்டியே கண்டறியும் முறை. பாரிஸிலும் அதைச் சூழ்ந்த இல்-து-பிரான்ஸ் மாகாணத்திலும் இது ‘ஓஃப்டியாட்’ என்ற வலையமைப்பாக 2004 செப்டம்பரில் செயல்படத் தொடங்கியது. பாரிஸ் பொது மருத்துவமனைகளின் நிர்வாகத்தின்கீழ் அமைந்த இவ்வலையமைப்பை முன்னின்று உருவாக்கியவர் லாரிபுவாசியேர் மருத்துவமனையின் கண் மருத்துவர் பஸ்கால் மாசேன். அம்மருத்துவமனையின் வடக்கு எல்லையில் லா சப்பல் பெருஞ்சாலை ஓடுகிறது. மருத்துவமனையை அடுத்துள்ள கார் து நோர் ரயில் நிலையத்தின் தண்டவாளங்களுக்குக் கிழக்கே, ஃபோபூர் சேன்-துனி தெருவிலும் பெர்தொனே தெருவிலும் ஈழத்தமிழரின் மளிகைக் கடைகளும் நகைக்கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன.

முன்வரலாறு. கண்புரை இல்லாமலேயே நீரிழிவு நோயாளிக்குப் பார்வை குறையலாம் என்பதை 1846இல் பாரிஸில் பதிவு செய்தவர் அப்போலினேர் பூஷார்தா. லாரிபுவாசியேரின் கட்டுமானம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1832இல் பாரிஸைச் சூறையாடிய காலராவுக்குப் பின் திட்டமிடப்பட்ட அம்மருத்துவமனை, தன் செல்வத்தை நகரத்துக்கு எழுதிவைத்த லாரிபுவாசியேர் சீமாட்டியின் பெயரைத் தாங்கி 1854இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. 1851இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழிநோக்கியை வெளியிட்ட பிறகே உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்ப்பது இயன்றது. நீரிழிவு நோயாளி ஒருவரின் விழித்திரை மாற்றங்களை முதலில் விவரித்தவர் வியன்னாவின் எடுவார்ட் யேகர் என்பர்; அது 1855இல் என்றும் 1856இல் என்றும் இருவிதமாகச் சொல்லப்படுகிறது. அம்மாற்றங்களுக்கு நீரிழிவுதான் காரணமா என்ற ஐயத்தைப் பெர்லினின் ஃபொன் கிரேஃப எழுப்ப, அவ்விவாதம் நெடுங்காலம் நீடித்தது. ஒளியால் விழித்திரையைச் சுட்டுச் சிகிச்சையளிக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. அதன் பயனை அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு 1976இல் உறுதி செய்தது.

பரிசோதனையின் தேவை. இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை, பார்வையையும் குறைப்பதில்லை. நுண்ணிய ரத்தக்குழாய்கள் குமிழாகப் புடைத்து, பின்பு கசிந்து, இறுதியில் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைக்கும்வரை நோயாளி எதையும் உணராதிருக்கலாம். சிகிச்சை நன்கு பலிப்பதோ பார்வை கெடுவதற்கு முன்புதான். ஐரோப்பிய நாடுகள் 1989 அக்டோபரில் இத்தாலியின் செயின்ட் வின்சென்டில் கூடி, நீரிழிவால் நேரும் புதிய பார்வையிழப்பை மூன்றில் ஒரு பங்கேனும் குறைக்க உறுதி பூண்டன. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை கண் காட்டும்படி அறிவுறுத்தப்பட்டும், பிரான்ஸில் நீரிழிவு நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேர் அவ்வாறு காட்டவில்லை. கண் மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதும், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தால் பல மணிநேரம் பார்வை மங்குவதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். கடையிலும் சமையலறையிலும் நின்று உழைப்பவருக்கு அந்த மங்கல் ஒரு நாள் கூலியைப் பறிப்பது.

ஓஃப்டியாட் (2004 முதல்). சொட்டு மருந்து தேவைப்படாத எண்முறை ஒளிப்படக் கருவியை மாசேனும் சக மருத்துவர்களும் மதிப்பிட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. குடும்ப மருத்துவர்கள் வழியாக இப்பரிசோதனையை நடத்திப் பார்த்த ‘தோதியா’ ஆய்வின் முடிவுகள் 2005இல் வந்தன. வலையமைப்பின் அடிப்படைக் கருத்து எளிது: நோயாளி ஏற்கெனவே வந்துபோகும் நீரிழிவுப் பிரிவிலும் சுகாதார நிலையத்திலும் கருவியை வைப்பது, படம் எடுக்கும் வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியரிடமோ தொழில்நுட்பப் பணியாளரிடமோ ஒப்படைப்பது, படிக்கும் வேலையை மட்டும் கண் மருத்துவரிடம் விடுவது.

படமெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. அறையின் விளக்கு தணிக்கப்படுகிறது. இருட்டில் கண்மணி தானாகவே விரிகிறது. நோயாளி தாடையைத் தாங்கியில் ஊன்றி, நெற்றியைப் பட்டையில் பதித்து, உள்ளே தெரியும் சிறு விளக்குப்புள்ளியைப் பார்க்கிறார். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பணியாளர் குவியத்தைச் சரிசெய்கிறார். பிறகு ஒரு மின்னொளி வீச்சு. அதில் கண்மணி உடனே சுருங்கிவிடுவதால், அடுத்த படத்துக்கு முன் சில நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில் அவசரப்பட்டால் படம் இருண்டுவிடும். ஒவ்வொரு கண்ணிலும் குறைந்தது இரு படங்கள்: ஒன்று மஞ்சள் புள்ளியை நடுவாகக் கொண்டது, மற்றது பார்வை நரம்பு நுழையும் வட்டை நடுவாகக் கொண்டது. முதியவர்களின் கண்மணி போதிய அளவு விரிவதில்லை. கண்புரை இருந்தால் படம் பனிமூட்டமாக வரும்.

2004 செப்டம்பர் முதல் 2006 டிசம்பர் வரை 15,307 பரிசோதனைகள் நடந்ததாக 2008இல் வெளியான அறிக்கை தெரிவிக்கிறது. அப்போது 16 பரிசோதனை நிலையங்கள் இருந்தன. பரிசோதிக்கப்பட்டோரில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகவே நோய் தென்பட்டது. ஏறத்தாழ பத்தில் ஒருவரின் படம் படிக்க முடியாததாக இருந்தது. நோய் முற்றியவர், கண்புரை உள்ளவர், படம் தெளிவில்லாதவர் எல்லாரையும் சேர்த்தே ஏறத்தாழ நான்கில் ஒருவர் கண் மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். மற்ற மூவருக்கு அந்த நெடுங்காத்திருப்பு தேவைப்படவில்லை. இவ்வலையமைப்பின் ஆகச் சிறந்த பலன் இதுவே எனலாம். இரு படங்கள் போதுமா, ஆய்வுகளில் பயன்படும் ஏழு படங்கள் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. பரிசோதனையின் நோக்கத்துக்கு இரண்டே போதும் என்ற நிலைப்பாடு பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

தமிழர் தொடர்பு. தெற்காசியருக்கு ஐரோப்பியரைவிட இளவயதிலும் குறைந்த உடல் எடையிலும் நீரிழிவு வருவது பல நாடுகளில் காணப்பட்டுள்ளது. ஈழத்தமிழர் நீரிழிவைச் ‘சீனி வருத்தம்’ என்பர். எனினும் பரிசோதிக்கப்பட்டவர்களில் தமிழர் எத்தனை பேர் என்ற கணக்கை ஓஃப்டியாட் அறிக்கைகளில் தேடிப் பயனில்லை; இனவாரியான தகவல் திரட்டலைப் பிரான்ஸின் 1978ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. தமிழ்நாட்டில் இதே முயற்சி ஏறக்குறைய இதே காலத்தில் வேறு வடிவம் எடுத்தது. சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனை ஊர்திகளைக் கிராமங்களுக்கு அனுப்பியது. அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த சூணாம்பேட்டில், சென்னை நீரிழிவு மருத்துவர் மோகனின் குழுவினர் இஸ்ரோவின் செயற்கைக்கோள் இணைப்புடன் கூடிய ஊர்தியைக்கொண்டு 42 கிராமங்களில் 23,449 பேரிடம் நீரிழிவுப் பரிசோதனை நடத்தினர். விழித்திரைப் படங்களும் அந்த ஊர்தியிலிருந்தே சென்னைக்குப் போயின.

இவ்விரு ஓடைகளும் ஓரிடத்தில் சந்தித்தன. லாரிபுவாசியேர், பிரெஸ்ட், சேன்-எத்தியேன் மருத்துவமனைகளின் 1,200 விழித்திரைப் படங்களைக்கொண்டு ‘மெஸ்ஸிடோர்’ என்ற தொகுப்பு ஆய்வாளர்களுக்காக உருவாக்கப்பட்டிருந்தது. கூகுள் ஆய்வாளர்கள் 2016 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில், இந்நோயைப் படங்களில் கண்டறியக் கணினிக்குப் பயிற்சியளிக்க மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா உள்ளிட்ட மருத்துவமனைகளின் படங்களும், அதைச் சோதிக்க மெஸ்ஸிடோரின் விரிவாக்கமான 1,748 படங்களும் பயன்பட்டன.

அண்மைக்காலம். 2017 இறுதிக்குள் ஓஃப்டியாட்டில் சேர்ந்த 164,660 பரிசோதனைகளின் படங்கள் பிரெஸ்ட் ஆய்வாளர்களின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகளுக்கு அடிப்படையாயின. கணினி மருத்துவரின் இடத்தை நிரப்புமா, முதல் வடிகட்டியாக மட்டும் நிற்குமா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பிரான்ஸில் பொது விதி ஆண்டுக்கு ஒரு பரிசோதனை. இன்சுலின் எடுக்காதவராகவும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் உள்ளவராகவும், முந்தைய படத்தில் நோய் தென்படாதவராகவும் இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும். நீரிழிவுள்ள பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் அடிக்கடி பார்க்க வேண்டும். கண் நன்றாகத் தெரிகிறது என்பவர்களுக்கும் இதே விதிதான்.