முந்திரி கத்லி மேல ஒட்டியிருக்கிற வெள்ளி: ஒரு குட்டி வரலாறு

1/ தீபாவளி வந்தாலே ஓ.பி.யில் ஒரு கேள்வி தவறாம வரும்: "டாக்டர், ஸ்வீட் மேல இருக்கிற வெள்ளித் தாளைச் சாப்பிடலாமா, உரிச்சுப் போடணுமா?" பதில் கடைசியில். முதல்ல கதை.

2/ அதோட பேர் வர்க். அரபியில் 'வரக்' என்றால் இலை. தமிழில் ரேக்கு. தஞ்சாவூர் ஓவியத்தில் மின்னுவது தங்க ரேக்குதான். தங்கமும் வெள்ளியும் அடிச்சா உடையாது, விரிஞ்சுக்கிட்டே போகும். ஓர் அவுன்ஸ் தங்கத்தில் நாலு விரல் சதுரத்துக்கு 750 தகடுகளுக்கு மேல் அடிக்கலாம் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமானியர் பிளினி எழுதியிருக்கிறார்.

3/ எவ்வளவு மெல்லிசு? இன்றைய தங்க ரேக்கு சுமார் 0.1 மைக்ரான். நம்ம ரத்தச் சிவப்பணுவின் தடிமன் சுமார் 2 மைக்ரான். 20 ரேக்கு அடுக்கினால்தான் ஒரு சிவப்பணு கனம்!

4/ சுத்தியல் நேரா பட்டா கிழிஞ்சிடும். அதனால தகடு, சவ்வு, தகடு, சவ்வுன்னு புத்தகம் மாதிரி அடுக்கி, உறை போட்டு மணிக்கணக்கா அடிப்பாங்க. ஐரோப்பாவில் அந்தச் சவ்வு மாட்டுக் குடலிலிருந்து வந்தது. பெருங்குடல் தொடங்கும் இடத்துப் பையின் வெளிச்சவ்வு. வட இந்திய வர்க் தொழிலிலும் காலங்காலமாக விலங்குக் குடலும் தோலும்தான்.

5/ அந்தச் சவ்வு லேசானது, வாயு எளிதில் கசியாது. செப்பலின் வான்கப்பல்களின் வாயுப் பைகளுக்கு லட்சக்கணக்கான மாடுகளின் சவ்வு தேவைப்பட்டது. சின்ன வெட்டுக்காயத்துக்குப் பிளாஸ்திரியாகவும் ஒட்டியிருக்காங்க!

6/ சைவ ஸ்வீட் மேல இது எப்படின்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2016-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விதி, வெள்ளி இதழ் தயாரிப்பின் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் கூடாது என்றது. வெள்ளி 99.9 சதவீதம் சுத்தமா இருக்கணும் என்றும் சொன்னது. தோல் இல்லாமலும் முடியும். மியான்மரின் மண்டலேயில் மூங்கில் காகிதத்துக்கு நடுவே தங்கம் அடிக்கிறாங்க. அங்கே மகாமுனி புத்தர் மேல பக்தர்கள் ஒட்டி ஒட்டியே சிலையின் உருவமே மாறிப்போச்சு.

7/ இப்போ பதில். சுத்த வெள்ளின்னா எப்போவாவது ரெண்டு துண்டு சாப்பிடலாம். பெரும்பாலும் உடம்பில் சேராம வெளியே போயிடும். ஆனா பலம், சத்து எதுவும் கிடையாது. 'வெள்ளித் தண்ணி', 'கொலாய்டல் சில்வர்'னு தினமும் குடிக்காதீங்க. தோல் நீலச் சாம்பல் நிறமாகும். ஆர்ஜிரியான்னு பேர். போகவே போகாது.

8/ வெள்ளின்னு சொல்லி அலுமினியம் ஒட்டுறதும் நடக்குது. விரலால் தேய்ச்சுப் பாருங்க. வெள்ளி பொடிஞ்சு மாவா ஒட்டும். அலுமினியம் துண்டு துண்டா கிழியும். அப்படி இருந்தா வேண்டாம். குறிப்பா சிறுநீரகச் செயலிழப்பு, டயாலிசிஸ்ல இருக்கிறவங்க. அவங்க உடம்பால அலுமினியத்தைச் சரியா வெளியேற்ற முடியாது, தேங்கிடும்.

9/ சந்தேகமா இருந்தா வர்க் இல்லாத கத்லியே கேட்டு வாங்குங்க. ருசி முந்திரியில்தான் இருக்கு. சர்க்கரையும்தான், அளவா சாப்பிடுங்க!