தேங்க்ஸ்கிவிங் வீட்டு விருந்து

அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றியறிதல் நாளையொட்டி, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் ஒரே வீட்டில் கூடி உண்டு, பெரும்பாலும் ஞாயிறு வரை தங்கிச் செல்லும் வழக்கமே தேங்க்ஸ்கிவிங் வீட்டு விருந்து. வெள்ளிக்கிழமையும் பல இடங்களில் விடுமுறை என்பதால் நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. தேவாலயம் போவதோ பரிசு கொடுப்பதோ கட்டாயமில்லை, சாப்பாடுதான் சடங்கு. ஆகவே விழாவின் முழுப் பாரமும் அழைக்கிற வீட்டின் சமையலறை மேல் விழுகிறது.

தோற்றம்

1621 இலையுதிர்காலத்தில் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும், மாசசாய்ட் என்ற தலைவருடன் வந்த சுமார் 90 வம்பனோவாக் பூர்வகுடி ஆண்களும் மூன்று நாள் விருந்துண்டதைத் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். அங்கிருந்த எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதத்தில் வேட்டைப் பறவைகளும் ஐந்து மான்களும் வருகின்றன. வான்கோழியின் பெயர் இல்லை. இன்றைய குடும்ப விருந்து அந்த மூன்று நாளைவிட ஒரு பத்திரிகை ஆசிரியருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறது. சாரா ஜொசீஃபா ஹேல், 1827இல் வெளியான ‘நார்த்வுட்’ நாவலில் நியூ இங்கிலாந்து வீடொன்றின் விருந்து மேசையை வான்கோழி வறுவல் முதல் பூசணிப் பணியாரம் வரை விரிவாக வர்ணித்தார். பின்பு ‘கோடீஸ் லேடீஸ் புக்’ இதழின் ஆசிரியராக இருந்து, நாடெங்கும் ஒரே நாளில் கொண்டாட வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஆளுநர்களையும் அதிபர்களையும் கடிதங்களால் துளைத்தெடுத்தார். உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863இல் ஆபிரகாம் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை அறிவித்தார்.

1939இல் அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதல் நாள் கிடைக்கட்டும் என்று விழாவை ஒரு வாரம் முன்னதாகக் கொண்டுவந்தார். ஏறக்குறையப் பாதி மாநிலங்கள் கேட்கவில்லை. அம்மா ஒரு மாநிலத்திலும் மகள் இன்னொன்றிலும் இருந்த குடும்பங்களுக்கு விடுமுறையே ஒத்துவராமல் போனது. 1941 டிசம்பரில்தான் நான்காம் வியாழன் சட்டமானது. பூர்வகுடிகள் பலருக்கு இது கொண்டாட்டமன்று. 1970 முதல் அதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

வான்கோழி

விருந்து வியாழனன்று என்றாலும் வேலை அதற்கு முந்தைய ஞாயிறே தொடங்கிவிடும். கடைகளில் கிடைக்கும் வான்கோழி பெரும்பாலும் கல்லாக உறைந்திருக்கும். குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்க, இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. ஏழு கிலோப் பறவைக்கு மூன்றரை நாள் ஆகிறது. புதன் இரவு நினைவு வந்தால், உறை பிரிக்காமல் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றிக்கொண்டு ஏழெட்டு மணி நேரம் விழித்திருக்க வேண்டியதுதான். கழுத்தையும் ஈரலையும் பொட்டலமாகக் கட்டி வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள். புதிதாகச் சமைப்பவர்கள் அதை எடுக்காமலே ஓவனில் ஏற்றிவிடுவதுண்டு. தொடையின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் வெந்ததாகக் கொள்ள வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும் என்பதே தீராத தலைவலி. ‘பட்டர்பால்’ நிறுவனம் இதற்கென்றே 1981 முதல் தொலைபேசியில் ஆலோசனை சொல்லிவருகிறது.

பறவை வேகும் மூன்று நான்கு மணி நேரமும் ஓவன் வேறெதற்கும் கிடைக்காது. அதனால் பூசணிப் பணியாரம் முதல் நாளே தயாராகிவிடும். கிரான்பெர்ரி சாஸும் அப்படியே. வெந்த வான்கோழியை வெளியே எடுத்து ஆறவைக்கும் இருபது முப்பது நிமிடம்தான் சமைப்பவரின் பொன்னான நேரம். ரொட்டி உருண்டைகளும் பீன்ஸ் கேசரோலும் அப்போது ஓவனுக்குள் போகும். தட்டில் வடிந்த கொழுப்பில் மாவு கலந்து கிரேவி தயாராகும். அந்த பீன்ஸ் கேசரோல் பாட்டி காலத்துப் பண்டம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1955இல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தின் சமையல்கூடத்தில் டோர்கஸ் ரைலி உருவாக்கியது அது: ஒரு டப்பா காளான் சூப், பீன்ஸ், மேலே பொரித்த வெங்காயம்.

சிலர் முழுப் பறவையையும் கொதி எண்ணெயில் பொரிக்கிறார்கள். சரியாக இளகாத பறவையை இறக்கினால் எண்ணெய் பொங்கித் தீப்பிடிக்கும். ஆண்டிலேயே வீட்டுச் சமையல் தீ விபத்துகள் மிக அதிகம் நேர்வது இந்த நாளில்தான்.

வீடும் விருந்தினரும்

படுக்கை போதாத வீடுகளில் சோபாவும் காற்றடைத்த மெத்தையும் கைகொடுக்கின்றன. சாப்பாட்டு மேசையும் போதாமல் சிறுவர்களுக்குத் தனியாக மடக்குமேசை போடுவார்கள். அதிலிருந்து பெரியவர் மேசைக்கு எப்போது இடம் கிடைக்கும் என்பது பிள்ளைகளுக்குப் பெரிய விஷயம். காலையில் 1924 முதல் நடக்கும் மேசிஸ் ஊர்வலமும், பிற்பகலில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் தொலைக்காட்சியில் ஓடும். அரசியல் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்வதும் விருந்து கொடுப்பவர் தலையில்தான். மறுநாள் குழாய் பழுது பார்ப்போருக்கு ஓயாத வேலை: தொட்டியில் கொட்டிய கொழுப்பும் உருளைக்கிழங்குத் தோலும் ஒரு பக்கம், ஒரே கழிப்பறையைப் பத்துப் பேர் பயன்படுத்துவது இன்னொரு பக்கம்.

தீபாவளிக்கு விடுப்பு கிடைக்காத அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பல இந்த நான்கு நாளில்தான் ஒன்றுகூடுகின்றன. வான்கோழி இருந்த இடத்தில் அங்கே பிரியாணி இருந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை.

எஞ்சிய உணவு

மிஞ்சுவதற்காகவே பெரிய பறவை வாங்குபவர்கள் உண்டு. கறியை எலும்பிலிருந்து பிரித்து இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். வெள்ளியன்று அது சாண்ட்விச், எலும்பு சூப். ஊருக்குக் கிளம்புகிறவர்கள் கையிலும் ஆளுக்கொரு டப்பா போகும். குளிர்பெட்டியில் மூன்று, நான்கு நாள்தான் தாங்கும் என்பதால், திங்கட்கிழமைக்கு மேல் மீந்திருப்பதை உறைபெட்டிக்கு மாற்றியாக வேண்டும்.