ஆடாத கப்பல் ஏன் கவிழ்ந்தது? 'ஸ்டெபிலிட்டி' என்ற சொல்லின் கதை

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ் மீட்டிங்கில் "சிஸ்டம் ஸ்டேபிளா இருக்கு"ன்னு தைரியமா சொன்னேன். டாஷ்போர்டில் கிராஃப் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. அன்னைக்கு ராத்திரியே லோட் கொஞ்சம் ஏறினதும் மொத்தமா படுத்துடுச்சு. நான் சொன்ன வார்த்தைக்கு அர்த்தம் எனக்கே சரியாத் தெரியலையோன்னு அப்போதான் தோணுச்சு. இந்த எபிசோட் அதைப் பற்றித்தான்.

ஸ்டெபிலிட்டி லத்தீனிலிருந்து வந்த சொல். 'ஸ்டாரே' என்றால் நிற்பது. குதிரை லாயத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டேபிள்' என்பதற்கும் இதே வேர்தான். தமிழிலும் இப்படித்தானே: நில், நிலை, நிலைத்தன்மை.

இதற்கு இணையான சொற்களைத் தேடினால் ஒரு வரிசையே வரும். ஃபர்ம்னெஸ் என்றால் உறுதி. ஈக்விலிப்ரியம் என்றால் சமநிலை. லத்தீனில் அதற்குள்ளே ஒரு தராசு இருக்கிறது. ஸ்டெடினெஸ் என்றால் ஆடாமல் இருப்பது. பேச்சில் ஒன்றுக்கு இன்னொன்றைப் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 1870-இல் பிரிட்டிஷ் கடற்படையில் 'ஸ்டெடி'க்கும் 'ஸ்டேபிள்'-க்கும் இருந்த இடைவெளியில் சுமார் 480 பேர் இறந்துபோனார்கள்.

கௌப்பர் கோல்ஸ் என்று ஒரு கடற்படை அதிகாரி. சுழலும் பீரங்கி மேடை வைத்த போர்க்கப்பல் வேண்டும் என்று பல வருஷம் போராடினார். கடற்படையின் தலைமைக் கப்பல் வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீடுக்கு அவருடைய வடிவமைப்பில் நம்பிக்கை இல்லை. ஆனால் பத்திரிகைகளும் நாடாளுமன்றமும் கோல்ஸ் பக்கம் நின்றன. அப்படிப் பிறந்த கப்பல்தான் 'எச்.எம்.எஸ். கேப்டன்'. உயரமான பாய்மரங்கள், தாழ்வான உடல். மேல்தளம் தண்ணீருக்கு மேலே 8 அடி இருக்கணும்னு திட்டம். கட்டி முடித்தபோது எடை கூடிப்போய், சுமார் ஆறரை அடிதான் மிஞ்சியது.

ஆரம்பப் பயணங்களில் கப்பலுக்கு நல்ல பெயர். அலையில் அதிகம் ஆடவில்லை. குறிபார்த்துச் சுட வசதி. அதாவது, ஸ்டெடி! கடற்படை அமைச்சர் ஹியூ சில்டர்ஸின் மகனே அதில் பணியில் இருந்தார்.

அந்த ஜூலையில் போர்ட்ஸ்மத்தில் கப்பலைச் சாய்த்து ஒரு சோதனை செய்தார்கள். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் கப்பல் கடலுக்குப் போய்விட்டது. கணக்கு சொன்னது இதுதான்: கப்பல் சாயச் சாய அதை நிமிர்த்தும் விசை கூடும், கேப்டனில் அது 21 டிகிரியிலேயே உச்சத்தைத் தொட்டு, அதற்குப் பிறகு குறையத் தொடங்கும். ரீடின் வடிவமைப்பில் உருவான 'மோனார்க்' கப்பலில் அந்த உச்சம் 40 டிகிரி. காரணம் எளிது. தளம் தாழ்வாக இருந்தால் சீக்கிரமே அதன் விளிம்பு தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் தாங்கிப்பிடிக்கப் போதிய உடல் இல்லை.

செப்டம்பர் 6 இரவு, ஸ்பெயினின் ஃபினிஸ்டெர் முனைக்கு அருகே புயல். நள்ளிரவு தாண்டியதும் கேப்டன் கவிழ்ந்தது. அதே அணியில், அதே புயலில் இருந்த மோனார்க் தப்பித்தது. கேப்டனில் இருந்தவர்களில் உயிர் பிழைத்தது 18 பேர். கோல்ஸும் போனார், அமைச்சரின் மகனும் போனார்.

பிறகு நடந்த கடற்படை விசாரணை, கப்பலில் போதிய ஸ்டெபிலிட்டி இல்லை என்றது. பொறுப்பான துறையின் கருத்தை மீறி, பொதுக் கருத்துக்கு இணங்கி இதைக் கட்டினார்கள் என்றும் பதிவு செய்தது. லண்டன் செயின்ட் பால்ஸ் தேவாலயத்தில் இதற்கு நினைவுப் பலகை இருக்கிறது.

நம்ம தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைச்சுப் பாருங்க. தொட்டாலே ஆடும், அதை ஸ்டெடின்னு யாரும் சொல்லமாட்டோம். ஆனா எவ்வளவு சாய்ச்சாலும் திரும்பி எழுந்துடும். அதுதான் ஸ்டேபிள். கேப்டன் இதற்கு நேர் எதிர்.

என் கிராஃபும் கேப்டன் மாதிரிதான். யாரும் தள்ளாத வரைக்கும் நேராக இருந்தது. அந்த மீட்டிங்கில் நான் சொல்லியிருக்க வேண்டியது, "இதுவரைக்கும் ஆடலை, தள்ளிப் பார்க்கலை" என்பதைத்தான். இப்போ ரிலீஸுக்கு முன்னாடி லோட் டெஸ்ட் ஓட்டி, எந்த அளவு வரைக்கும் தள்ளினா திரும்பி வருதுன்னு எழுதி வைக்கிறோம். அந்த எண் கையில் இல்லாம 'ஸ்டேபிள்'னு சொல்றதை நான் விட்டுட்டேன்.