மலைச்சரிவில் ஓர் இடம்

கோட்டயத்திலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலையில், பெரியாற்றின் கரையில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே அமைந்திருப்பது வண்டிப்பெரியார். பிழைப்பு நாடி மலையேறிய நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்து வருகின்றனர். ஆடி மழையில் அச்சரிவுகளைக் கண்டவர்க்கு, மண் எவ்விடத்தில் நகர்கிறது என்ற கேள்வி வெறும் கணக்கன்று.

இடத்தைத் துல்லியமாக அறியும் கலை நம் மண்ணில் பழையது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றை நோக்கிக் கோணம் அளந்தால் குன்றின் இடம் கணக்கில் வந்துவிடும்; அக்குன்றிலிருந்து அடுத்த முக்கோணம் எழும். அவருடைய கோணமானி அரை டன் எடையுள்ளது. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் அதை ஏற்றுகையில் கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி நெளிந்தது. பாவம், மனிதர் தாமே பல வாரம் அமர்ந்து அதைச் செப்பனிட்டார்! பின்னர் 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு அலுவலர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர்.

நம் காலத்தில் கருவி உள்ளங்கையளவாகச் சுருங்கிவிட்டது. மூணாற்றில் அந்தோணியார் காலனிச் சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் மண்ணின் ஈரத்தையும் நீரழுத்தத்தையும் அசைவையும் உணரும் கருவிகளைப் புதைத்துக் கம்பியில்லாமல் செய்தி வரச் செய்தனர். 2009-ஆம் ஆண்டு மழையில் அங்கு முன்னெச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆயின் எல்லாச் சரிவுக்கும் அக்கருவி வாய்க்கவில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் லயங்களின்மீது மலை சரிந்தது. மாண்டவர் 70 பேர். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான்.

நூற்றுக்கணக்கான கருவிகளைப் பரப்பும்போது ஒவ்வொன்றிலும் செயற்கைக்கோள் வாங்கியைப் பொருத்துவது செலவு. மின்கலமும் விரைவில் தீரும். ஆகவே சில கருவிகளின் இடத்தை மட்டும் முன்னதாக அளந்து வைத்து, மற்றவை அவற்றிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணிக்கிறார்கள். லாம்டன் கோணத்தை அளந்தார். இவர்கள் தொலைவை அளக்கிறார்கள். அலை வலுவிழப்பதைக் கொண்டு கணித்தால் நனைந்த மரங்கள் ஏமாற்றும். அலை வந்துசேரும் நேரத்தைக் கொண்டு கணித்தாலோ, ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை 300 மீட்டர் பிழையாகிவிடும்.

இன்னுமொரு சிக்கல் வண்டிப்பெரியார் போன்ற பள்ளத்தாக்குகளுக்கே உரியது. இடம் தெரிந்த கருவிகளைச் சாலையோரமாக ஒரே வரிசையில் நட்டால், தொலைவுகள் சரியாக இருந்தும், தேடும் கருவி சாலைக்கு இப்பக்கமா அப்பக்கமா என்பது விளங்காது. இரண்டும் கண்ணாடியும் பிம்பமும்போல் ஒத்திருக்கும். இடப்பக்கச் சரிவு அசைய, வலப்பக்க லயத்தாரை எழுப்பி வெளியேற்றுவோம். லாம்டனும் ஒடுங்கிய முக்கோணங்களைத் தவிர்த்தே குன்றுகளைத் தேர்ந்தார். எனவே ஒரு கருவியையேனும் சாலையை விட்டு விலக்கி, தேயிலைச் செடிகளுக்கிடையே சுமந்து சென்று மேட்டின்மேல் நடவேண்டியிருக்கிறது.